காவலாளியின் கெட்டில்

“டர்பைன் இழுக்கிற காத்துக்கு இப்ப எதுக்குய்யா சூடு? மின்சாரம் குறையுது, வால்வை மூடு!” மேலதிகாரி போட்ட சத்தத்தில் ஆபரேட்டரின் போனே உருகியிருக்கும்.

குளிரோடு ஈரமும் சேர்ந்தால் வெளியே இருக்கும் சென்சார் தானாகவே வால்வைத் திறந்து, டர்பைன் காற்றை இழுக்கும் வாயிலுக்குச் சுடும் காற்றை அனுப்பும். இல்லாவிட்டால் அந்த வாயிலில் பனிக்கட்டி கட்டி, உடைந்து விழுந்து இயந்திரத்தையே நொறுக்கும். ஆனால் மழையில்லை, மூடுபனியில்லை. ‘சென்சாருக்கு அடியில் டீ போடும் காவலாளி வேலைதான்! கெட்டில் ஆவியை ஈரம்னு நம்பிடுச்சு!’

வால்வை மூடுமுன் அவரை ஒரு பிடி பிடிக்க ஆபரேட்டர் வெளியே பாய்ந்தார்.

“உன் டீயால என் மானம் போகுதுய்யா!”

“டீயா? காலையிலேர்ந்து கெட்டில் ரிப்பேர்ணே. வழுக்கப்போகுது, கம்பியைப் பிடிக்காதீங்க!”

கைப்பிடிக் கம்பி முழுக்க வெள்ளைப் பனிக்கட்டி.

அந்தக் குளிரிலும் ஆபரேட்டருக்கு வேர்த்தது. தன் டீ பிளாஸ்க்கைக் காவலாளி கையில் திணித்தார்.

“குடி சாமி! வால்வை மூடாம உன்னைத் திட்ட வந்ததாலதான் மிஷின் பிழைச்சுது.”