பெஞ்சு நிறைந்த பகல்

சீரியல் படப்பிடிப்பு என்பதால் தேவாலயத்தின் பெஞ்சுகள் இன்று நிரம்பி வழிகின்றன. ஞாயிறுதோறும் பதினோரு பேருக்குப் பிரசங்கிக்கும் போதகர் கடைசித் தூணருகே நிற்கிறார். அவருடைய பீடத்தில் போதகர் வேடமிட்ட நடிகர், ஒட்டுத்தாடி மின்விசிறிக் காற்றில் பறக்க, கண்ணை மேலே செருகிக்கொண்டு உறுமுகிறார். விளக்கொளியில் நூறு கன்னங்களில் கிளிசரின் கண்ணீர் மின்னுகிறது. "ஐயா, ஃப்ரேம்ல விழுறீங்க, தள்ளிக்கங்க. நீங்க நின்னா நெசக் கோயில் மாதிரியே தெரியல" என்கிறார் உதவி இயக்குநர். போதகர் அசடு வழிய ஒதுங்குகிறார். இடைவேளையில், ஒரே ஒரு ஆள் கூடினாலும் பன்னிரண்டாகுமே என்ற நப்பாசையில், கன்னம் துடைக்கும் துணை நடிகையிடம் மெல்லச் சொல்கிறார்: "ஞாயித்துக்கிழமையும் வாங்களேம்மா." அவள் முகம் மலர்கிறது. "அன்னைக்கும் ஷூட்டிங் இருக்கா ஐயா?" பதில் சொல்ல வாயெடுக்கிறார். "சைலன்ஸ்" என்று ஒலிபெருக்கி அதட்டுகிறது. அத்தனை கூட்டத்தின் நடுவே, போதகர் திறந்த வாயை மூடிக்கொள்கிறார்.