மூணே முக்கல்

"யோசிச்சு வைங்க, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு டாக்டர் பக்கத்து அறைக்கு ஓடினார். அங்கே யாரோ அலறிக்கொண்டிருந்தார்கள்.

யோசிக்க நாங்கள் மூன்று பேர். வயிறு மட்டும் என்னுடையது.

முதல் பிள்ளை ஆபரேஷன். அவன் கடைசிவரை தலையைக் கீழே திருப்பாமல் உட்கார்ந்த வாக்கிலேயே இருந்துவிட்டான். இது ஒழுங்காகத் தலைகீழாக நிற்கிறது. விருப்பம் இருந்தால் சுகப்பிரசவத்துக்கு முயற்சி செய்யலாம், என்னைப் போன்ற பத்துப் பேரில் ஏழு பேருக்கு நடந்துவிடும் என்றார் டாக்டர். அரிதாகப் பழைய தையல் பிரியலாம். அதனால் வலி எடுத்ததிலிருந்து பக்கத்திலேயே இருந்து பார்ப்போம், தியேட்டரும் தயாராக இருக்கும் என்றார். வேண்டாம் என்றால் மறுபடியும் ஆபரேஷன். அதிலும் தொந்தரவுகள் உண்டு. முடிவு உங்களுடையது என்றார்.

என் வீட்டுக்காரருக்கு 'பிரியலாம்' என்ற சொல்லோடு காது அடைத்துவிட்டது. "ரிஸ்க்கே வேணாம், வெட்டிடலாம்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்க வெளியே போனார். போன தடவை தியேட்டர் வாசலில் மயங்கி விழுந்து புருவத்தில் தையல் போட்டுக்கொண்டவர். அன்றைக்கு யாருக்கு அதிகம் வலித்தது என்று எங்களுக்குள் இன்னும் வழக்கு நடக்கிறது.

மாமியார் வாயே திறக்கவில்லை. அதுதான் அதிசயம்.

அவர் பள்ளிச் சீருடை தைக்கிறவர். அளவு கொடுக்கப் பிள்ளைகளை அழைத்து வருகிற அம்மாக்களுக்கெல்லாம் அவருடைய பிரசவக் கதை இலவசம். "மூணே முக்கல், மகன் வந்துட்டான். மகளுக்கு அதுகூட வேண்டியிருக்கல." கேட்டவர்கள் திரும்பி என்னைப் பார்ப்பார்கள். "பாவம், இவளுக்குத்தான் வெட்டி எடுக்கும்படி ஆயிடுச்சு" என்று முடித்துவிட்டு அடுத்த பிள்ளையின் இடுப்பை அளப்பார்.

வருடத்துக்கு வருடம் முக்கல் குறைந்துகொண்டே வந்தது. என் மகன் பிறந்தபோது ஐந்து இருந்தது. இன்னும் கொஞ்சம் போனால் பிள்ளை தானே நடந்து வந்து கதவைத் தட்டியிருக்கும்.

உண்மையைச் சொன்னால், எனக்கு சுகப்பிரசவத்தில் ஆசை வந்ததே அவர் வாயை அடைக்கத்தான். பெற்ற கையோடு அவருடைய தையல் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் என் கதையைச் சொல்ல வேண்டும். ரெண்டே முக்கல் என்று சொல்வதாக இருந்தேன்.

மாமியார் எழுந்து கதவைச் சாத்தினார். பரிசோதனைக் கட்டிலைச் சுற்றியிருந்த திரையை இழுத்துவிட்டு, உள்ளே வா என்று கையசைத்தார். போனேன். தன் புடவையைக் கொஞ்சம் தளர்த்தினார்.

தொப்புளுக்குக் கீழே நெடுக ஒரு தழும்பு. கிழிந்த சாக்கை அவசரத்தில் இழுத்துத் தைத்தது போலத் தடித்துக் கிடந்தது.

"ரெண்டு பேரும் இந்த வாசல் வழியாத்தான் வந்தாங்க. என்கிட்ட குடுத்திருந்தா இதைவிட நல்லா தச்சிருப்பேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண் மண் தெரியாத கோபமும். இரண்டில் எதை வெளியே விடுவது என்று தெரியாமல் வாயைப் பொத்திக்கொண்டேன்.

பிரசவம் இரண்டும் தாய் வீட்டில்; அவருடைய மாமியாருக்குப் பயந்து ஆரம்பித்த பொய்யாம். மாமனாருக்கு மட்டும் தெரியும்; அவர் மூச்சு விடாமலே போய்ச் சேர்ந்தார். சொல்லிச் சொல்லி, தனக்கே அப்படித்தான் நடந்தது போல ஆகிவிட்டதாம். நேற்று ராத்திரி சாப்பாட்டில் என் வீட்டுக்காரர் "அம்மாவால முடிஞ்சது உன்னால முடியாதா?" என்று வாய் தவறிக் கேட்டதிலிருந்து அவருக்குத் தூக்கம் இல்லையாம்.

புடவையைச் சரிசெய்துகொண்டே சொன்னார்: "என் கதையை நம்பி ஒண்ணும் செய்யாதே. ரெண்டாவது தடவை என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கல. உன்னைக் கேட்கிறாங்க."

இத்தனை நாள் நான் ஊட்டி வளர்த்த காரணம் அந்தத் திரைக்குள்ளேயே உயிரை விட்டது. இனி யாரை ஜெயிப்பது? எனக்கு என்ன வேண்டும் என்று அப்போதுதான் முதல் முறையாக யோசித்தேன். பயமாக இருந்தது. ஆசையும் இருந்தது, யார் வாயையும் அடைக்க வேண்டாத ஆசை. விலாவுக்குக் கீழே ஒரு குட்டிக் குதிகால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருண்டது.

டாக்டர் வந்தார். பின்னாலேயே வீட்டுக்காரர், தண்ணீர் பாட்டிலும் வெளிறிய முகமுமாக.

"முயற்சி பண்ணிப் பார்க்கிறேன் டாக்டர். முடியலைன்னா வெட்டுங்க. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

வலி வந்த அன்று, உள்ளே என்னோடு ஒருவர்தான் இருக்கலாம் என்றார்கள். வீட்டுக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டார். மாமியார் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

காலையில் தொடங்கியது, வெயில் சாய்ந்த பிறகுதான் முடிந்தது. எத்தனை முக்கல் என்று எண்ண அங்கே யாருக்கும் தெம்பு இல்லை. என் கையில் சிக்கிய மாமியாரின் விரல்களால் அதற்குப் பிறகு ஒரு வாரம் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. கடைசி நேரத்தில் நர்ஸ், தலை தெரிகிறது, வந்து பாருங்கள் என்று அவரைக் கால்மாட்டுக்கு அழைத்தார்.

பழைய தையல் தாங்கிவிட்டது. மகள் வந்தாள், கட்டிடமே அதிர்கிற குரலோடு.

அவளைத் துடைத்து என் மார்பில் போட்டார்கள். மாமியார் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. முகமெல்லாம் வேர்வை, கண்ணெல்லாம் தண்ணீர். முப்பத்தைந்து வருடமாக ஊருக்கே பிரசவக் கதை சொன்னவர், மெல்ல நர்ஸின் பக்கம் சாய்ந்து, எனக்குக் கேட்காது என்று நினைத்துக் கேட்டார்.

"பிள்ளை இப்படியாம்மா வரும்?"