சரோஜினியின் ரிப்போர்ட்

"உள்ள வராதே சரோஜினி. அங்கயே நில்லு."

சேலையூர் வீட்டு கேட்டை ஞானாம்பாள் திறக்கவே இல்லை. சரோஜினியின் மாற்றுப் புடவையை ஒரு பையில் திணித்துக் கம்பிக்கு மேலாக நீட்டினாள். பதினோரு வருஷமாக அந்த வீட்டில் காய் நறுக்கிப் பாத்திரம் தேய்த்தவள் சரோஜினி. தங்கையின் பிரசவத்துக்காகக் கூடுவாஞ்சேரியில் பதினைந்து நாள் தங்கிவிட்டு அன்றுதான் திரும்பியிருந்தாள்.

"இன்னாம்மா ஆச்சு?"

"வேதாவுக்கு ஃபிட்ஸ் வந்துது. ஸ்கேன் எடுத்தா மூளையில புழு. பன்னிக்கறி சாப்பிட்டவா வயித்துல இருக்குமாம். அவா கை பட்ட சாப்பாட்டுல முட்டை ஒட்டிண்டு வந்துடுமாம். உன்கிட்டேர்ந்துதான்னு ரிப்போர்ட்லயே இருக்கு. உன்னை எவ்வளவு நம்பினேன்!"

புருஷன் உயிரோடு இருந்தபோது சரோஜினி இரண்டு தடவை பன்றிக்கறி தின்றது உண்மை. இடுப்பை விட்டு இறக்காமல் அவள் வளர்த்த குழந்தை வேதா. சொந்த வயிறே தனக்குத் துரோகம் செய்துவிட்டதுபோல் இருந்தது.

ஞானாம்பாளின் கணவர் ஸ்ரீரங்கன் மட்டும் கோபப்படவில்லை. தெருமுனை வரை பின்னாலேயே வந்தார்.

"மனசுல வச்சுக்காதே. நீ ஆஸ்பத்திரிக்கெல்லாம் அலைய வேண்டாம். மாத்திரை நானே வாங்கித் தரேன்."

அந்த ஒரு வார்த்தைக்கே அவள் கண் கலங்கிவிட்டது. ஆனால் குழந்தையின் கதி தெரியாமல் அவளால் வீடு போய்ச் சேர முடியவில்லை. வேதாவுக்கு வைத்தியம் நடக்கும் தாம்பரம் ஆஸ்பத்திரி வரை நடந்தாள்.

அந்தப் புழுவைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த டாக்டர் லாசரஸ், அவள் பெயரைக் கேட்டதும் உட்காரச் சொன்னார்.

"கொயந்த பொயச்சுக்குமா டாக்டரு?"

"பொழைச்சுக்கும். மருந்து கொடுத்துட்டு இருக்கோம்."

"நான் பாவிங்க. வேணும்னு செய்யல."

"உங்க மேல தப்பு இல்லம்மா. இது யாருக்கும் வரலாம். இங்க பாருங்க, குழந்தைக்கு இது எப்படி வந்துச்சுன்னு கண்டுபிடிக்கத்தான் வீட்ல இருக்கிற, வேலை செய்யற எல்லாரோட மலத்தையும் கேட்டேன். போன வாரம் ஸ்ரீரங்கன் சாரே நாலு டப்பாவையும் பேர் எழுதிக் கொண்டுவந்து கொடுத்தார். மத்த மூணும் சுத்தம். உங்க டப்பாவில மட்டும்தான் முட்டை இருந்துது."

சரோஜினி கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"நான் டப்பா எதுவும் குடுக்கலியே டாக்டரு."