பிதுங்கிய வயிறு

அறுவை மேசையின் திரையில் எழுத்து ஓடியது: 'குடலிறக்கம். குட்டிகளோடு கருப்பையும் பிதுங்கியிருக்கிறது. பிழைக்கும் வாய்ப்பு குறைவு. கருணை ஊசி பரிந்துரைக்கப்படுகிறது.'

மேசையின் இயந்திரக் கை ஊசியை எடுத்தது.

"டாக்டரம்மா, இப்பகூட என் விரலை நக்குச்சு! சும்மா நிக்கிறீங்களே!" என்று கத்தினாள் பூனையைக் கொண்டுவந்த மீன்கடை ரொசாரி.

சும்மா நிற்பதுதான் டாக்டர் நப்பின்னையின் வேலை. மேசை அறுக்கும், அவள் பார்ப்பாள். மனிதக் கை கத்தியைத் தொட்டால் உரிமம் போய்விடும்.

அவள் மேசையின் மின்வயரைப் பிடுங்கினாள். இயந்திரக் கை அந்தரத்தில் நின்றது; மேசை விளக்கும் அணைந்தது.

"செல்போன் லைட்டைப் பிடிங்கக்கா."

பூனைக்கு மயக்க ஊசி போட்டு, வயிற்றைத் திறந்து குட்டிகளை வெளியே எடுத்தாள். ஒரு குட்டி அசையவில்லை. மற்ற இரண்டும் கத்தின. கருப்பையை உள்ளே தள்ளி, கிழிந்த சதையைத் தைத்து முடித்தாள். பூனை சீராக மூச்சுவிட்டது.

"உங்க உரிமம் போயிடுமேம்மா?"

"போகட்டும்."

நப்பின்னையின் கைப்பேசி ஒலித்தது. காலையில் அவளைப் பரிசோதித்த மகப்பேறு மேசையின் செய்தி: 'சிசு பிழைக்கும் வாய்ப்பு குறைவு. கலைத்துவிடப் பரிந்துரைக்கப்படுகிறது. மாலை வரவும்.'

ரத்தம் படிந்த விரலால் 'வரமாட்டேன்' என்று தட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

"ஏங்க்கா, கையால பிரசவம் பாக்குறவங்க யாராவது இன்னும் இருக்காங்களா?"