பங்களா எழுத்து

"இது பேய் எழுத்தா? சீமந்தப் பத்திரிகைக்கு வேணா போடலாம்."

மூன்றாவது தாளையும் கசக்கிக் குப்பைத்தொட்டியில் எறிந்தான் அச்யுத். பேய்த் தொடர் எடுக்கும் மாளவிகா இன்னும் பத்து நிமிடத்தில் வந்துவிடுவாள். தலைப்புக்கும் போஸ்டருக்கும் பழங்காலத்து எழுத்து வேண்டும். பார்த்தாலே குலை நடுங்க வேண்டும். அவளுக்குப் பிடிக்காவிட்டால் நாளை முதல் வேலைக்கு வர வேண்டாம் என்று எழுத்து வரையும் நிஷாவிடம் காலையிலேயே சொல்லிவிட்டான்.

"நொச்சிக்குப்பத்துல மீன் வாடையில வளர்ந்தவளுக்குப் பயம்னா என்னன்னு எங்கே தெரியப்போறது?"

நிஷா தயங்கித் தயங்கி நான்காவது தாளை மேஜையில் வைத்தாள்.

அச்யுத் கசக்க நீட்டிய கையை இழுத்துக்கொண்டான்.

குளம்பு முளைத்தாற்போல் முனை அகன்ற எழுத்துகள். ஓரமெல்லாம் அரித்து, வயிறு உரிந்து, துரு வழிந்து நின்றன. ஒன்றைப் பார்த்து வரைந்ததுதான் என்றாள். எதைப் பார்த்து என்று அவன் கேட்பதற்குள் பின்வாசலில் கார் வந்து நின்றது.

அந்த ஆபீசில் பெரிய மனிதர்களுக்குப் பின்வாசல்தான். தெற்கு பார்த்த முன்வாசல் முதலாளி அச்யுத்தின் ராசிக்கு ஆகாது என்று ஜோசியர் சொல்லி ஆறு வருடமாகிறது. அன்றிலிருந்து அந்தப் பக்கம் அவன் தலைவைத்துப் படுத்ததில்லை. முன்வாசல் வேலை செய்கிறவர்களுக்கு.

தாளைப் பார்த்த மாளவிகா முழங்கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள்.

"புல்லரிக்குது. எங்கே பிடிச்சீங்க?"

"ஏற்காட்டுல ஒரு பாழடைஞ்ச பங்களா, மேடம்," என்றான் அச்யுத், கூசாமல். "கேட்டுல தொங்கிண்டிருந்த பெயர்ப்பலகை. நானே போய்ப் போட்டோ எடுத்துண்டு வந்தேன்."

அந்தப் பங்களாப் பக்கம் நாய்கூடப் போகாது என்பதுவரை சொன்னான். நிஷா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். காபி சொல்லிவிட்டு வா என்று துரத்தினான்.

மாளவிகாவுக்கு வேறு எதையும் பார்க்கத் தோன்றவில்லை. ஒப்பந்தம் காரில் இருக்கிறது, அங்கேயே கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்று எழுந்தாள். பின் சந்தில் தண்ணி லாரி நுழைந்துவிட்டதால், டிரைவர் காரை முன்பக்கம் கொண்டுபோயிருந்தார்.

அச்யுத் ஒரு கணம் யோசித்தான். ஜோசியரைவிட ஒப்பந்தம் பெரிது. முன்வாசல் படியில் இறங்கினான். அவன் பேனாவை எடுத்துக்கொண்டு நிஷாவும் பின்னால் போனாள்.

காரின் பானட் மேல் தாளை விரித்துப் பேனாவைத் திறந்த மாளவிகா, தற்செயலாகக் கட்டடத்தை நிமிர்ந்து பார்த்தாள். பேனாவை மூடினாள்.

"ஏற்காடுன்னு சொன்னீங்க?"

அச்யுத் திரும்பினான். வாசலுக்கு மேலே, சாந்தோம் உப்புக் காற்று ஆறு வருடமாய் அரித்து, வயிறு உரிந்து, துரு வழிய நின்றது, 'அச்யுத் ஆர்ட்ஸ்'.

"தினம் காலைல ஒன்பதரைக்கு இதைப் பார்த்தாலே எங்க எல்லாருக்கும் வயித்தைக் கலக்கும், மேடம்," என்றாள் நிஷா.