கரண்டு சிலேட்டு

மேசைமேல் அடுக்கியிருந்த பாடத்தாள்களில் ஒன்றில்கூட மடிப்பில்லை, மைக்கறை இல்லை, சாப்பாட்டுக் கை பட்ட அடையாளம் இல்லை. பள்ளித் தாளாளர் விரலை நாக்கில் நனைத்து நனைத்துப் புரட்டினார். அச்சகத்திலிருந்து வந்த அன்றைக்குப் போலவே தாளோடு தாள் ஒட்டிக்கொண்டு பிரிய மறுத்தது.

“பாத்தியாம்மா, பேப்பர்னா அதுக்கு ஒரு மரியாதை இருக்கு. புள்ளைங்க எவ்வளவு பத்திரமா வெச்சுப் படிச்சிருக்குதுங்க பாரு” என்றார்.

அவர் சொன்னது மருமகளிடம். அந்தப் பள்ளியின் தலைமையாசிரியை அவள்தான். அவள் பக்கத்து மேசையில் டேப்லெட்டுகள் குவிந்து கிடந்தன. கண்ணாடி முழுக்கப் பிசுபிசுத்த கைரேகை. ஒன்றுக்கு மூலையில் விரிசல் வேறு.

‘கரண்டு சிலேட்டு’ என்றுதான் தாளாளர் அவற்றைச் சொல்வார். சிமெண்டு விற்ற காசில் பள்ளிக்கூடம் கட்டியவர். எட்டாவதோடு படிப்பைத் தலைமுழுகியவர். படித்தவர்கள் எது சொன்னாலும் நம்ப மாட்டார்; வரிசையாகப் பட்டம் வாங்கிய மருமகள் சொன்னால் சுத்தமாக நம்ப மாட்டார்.

நூலக அறையைக் காலி செய்துவிட்டு எல்லாருக்கும் டேப்லெட் கொடுக்கலாம் என்று அவள் ஆரம்பித்ததில் வந்ததுதான் இந்தப் பந்தயம். பாடம் ஒன்றுதான், இரத்த ஓட்டம். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பிரிவுக்கு அதைத் தாளில் அச்சடித்துக் கொடுப்பது, இன்னொரு பிரிவுக்கு டேப்லெட்டில் கொடுப்பது. வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்பி, திங்கட்கிழமை பரீட்சை.

“பேப்பர் தோத்தா இந்தச் சாவிக்கொத்து உன் கைக்கு வந்துடும். நிர்வாகம் மொத்தமும் உன்னுது. நான் வீட்டுல காலை நீட்டிப் படுத்துக்கறேன்” என்று ஆசிரியர்கள் அத்தனை பேர் முன்னாலும் அவர் சொல்லியிருந்தார். “சிலேட்டு தோத்தா, பாடம் நடத்தறதைத் தவிர வேற எதுலயும் நீ மூக்கை நுழைக்கக் கூடாது. சம்மதமா?”

“சம்மதம் மாமா. ஆனா எழுத்து ரொம்பப் பொடியா அடிக்கச் சொல்லியிருக்கீங்க. அவ்வளவு பெரிய பாடத்தை நாலு பக்கத்துல அடைச்சா புள்ளைங்க எப்படிப் படிக்கும்?”

“பேப்பர் என்ன மழையாவா பெய்யுது? இளவயசுக் கண்ணு, எல்லாம் தெரியும்.”

இப்போது அறிவியல் ஆசிரியர் திருத்திய விடைத்தாள்களோடு உள்ளே வந்தார். காலைவரை தலைமையாசிரியை சொன்னதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தவர், கதவைத் தாண்டியதுமே தாளாளர் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

“ஐயா, பேப்பர்ல படிச்ச பிரிவுதான் ஜெயிச்சுது. டேப்ல படிச்சதுல பாதிக்கு மேல ஃபெயிலு.”

“மிச்சம் எப்படிய்யா பாஸாச்சு? எனக்கு அதுதான் ஆச்சரியம்.”

“இருதயத்துக்கு எத்தனை அறைன்னு ஒரு கேள்வி. ஒருத்தன் மூணுன்னு எழுதியிருக்கான். மாடியைச் சேத்து.”

தாளாளர் சிரித்த சிரிப்பில் இடுப்புச் சாவிக்கொத்து குலுங்கியது. “ரெண்டு நாளும் அதுல கார் ஓட்டியிருப்பான். ஏம்மா, இத்தனை பட்டம் வாங்கினியே, கண்ணாடியைத் தேச்சா மண்டைக்குள்ள ஒண்ணும் ஏறாதுன்னு ஒருத்தரும் உனக்குச் சொல்லித் தரலையா?”

“ஒரே ஒரு பரீட்சையை வெச்சு முடிவு பண்றது சரியில்ல மாமா.”

“தோத்தவங்க எல்லாரும் பாடற பாட்டுதான் இது.”

அவள் முகம் வெளுத்துப்போனது. “சரி, பேச்சு பேச்சுதான். இனி நிர்வாகத்துல நான் தலையிடல” என்று சொல்லிவிட்டு டேப்லெட்டுகளைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினாள்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் விழுந்தவளை ஒரு மிதி மிதிக்காமல் தாளாளருக்கு மனசு ஆறவில்லை.

“முதல் மார்க் வாங்கின புள்ளையைக் கூப்பிடுய்யா.”

தடித்த கண்ணாடி போட்ட ஒரு பெண் வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் திருப்பிக் கொடுத்த தாளைத் தாளாளர் தேடி எடுத்தார். அதுவும் புத்தம் புதுசு. அதை மருமகளின் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

“நீ சொல்லும்மா. மேடத்தோட காதுல நல்லா விழற மாதிரி சொல்லு. அந்தச் சிலேட்டு இல்லாமலே இவ்வளவு மார்க் எப்படி வாங்கினே?”

பெண் தலைமையாசிரியையைப் பார்த்தாள். தாளைப் பார்த்தாள்.

“சொன்னா திட்ட மாட்டீங்களே ஐயா?”

“உன்னை எதுக்குத் திட்டறேன்? என் மானத்தைக் காப்பாத்தின புள்ளை நீ. தைரியமா சொல்லு.”

“எழுத்து கண்ணுக்கே தெரியல ஐயா” என்றாள் அவள். “அதான் ஃபோட்டோ புடிச்சு, எங்க கிளாஸ் மொத்தமும் போன்லதான் படிச்சோம்.”