ஈர யூனிஃபார்ம்

"யூனிஃபார்மோட குளத்துல இறங்கியிருக்கா சார்! எங்க குழந்தைங்க குளிக்கிற தண்ணி அது!"

மேனேஜரின் மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு கத்தினார் குடும்பத் தலைவர்.

மலை உச்சியில் விடுதி. வெளியே பல் கிட்டும் குளிர். உள்ளே, கண்ணாடிக் கூரைக்குக் கீழே வெந்நீர்க் குளமும் சறுக்குகளும். குடும்பத்தோடு மூன்று நாள் ஆட்டம் போட்டவர், கிளம்புகிற நேரத்தில் இந்தப் புகாரோடு வந்திருந்தார்.

கதவோரம் நின்றாள் குளத்தைச் சுற்றித் தரை துடைக்கும் பெண். அவள் உடுப்பிலிருந்து சொட்டிய தண்ணீர் கம்பளத்தை நனைத்துக்கொண்டிருந்தது. வேறு சாட்சி வேண்டுமா என்ன?

"வேலை செய்யறவங்க தண்ணியில காலை வைக்கக் கூடாதுன்னு சேர்ந்த அன்னைக்கே சொன்னேனா, இல்லையா?" என்றார் மேனேஜர்.

"சொன்னீங்க சார்."

"அப்புறம் என்ன? சுடுதண்ணியைப் பார்த்ததும் ஆசை வந்துடுச்சா?"

அவள் வாயைத் திறந்தாள். குடும்பத் தலைவர் சட்டென்று குறுக்கே விழுந்தார்.

"ஏதாவது கதை கட்டுவா சார். நான் என் கண்ணால பார்த்தேன்!"

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம், பெட்டிகளுக்கு நடுவே அவருடைய மனைவி உட்கார்ந்திருந்தாள். மடியில், துண்டைச் சுற்றிக்கொண்டு ஆறு வயது மகள். இந்தப் பெண்ணைப் பார்த்ததும் குழந்தை உதட்டின் மேல் விரலை வைத்தது.

திறந்த வாய் மூடிக்கொண்டது.

"தப்புதான் சார்."

"கணக்கை முடிச்சாச்சு. ரூமையும் காலி பண்ணிடு. நாலு மணி பஸ்ஸுல நீ மலையை விட்டு இறங்கியிருக்கணும்."

"இந்தக் குளிர்ல எங்க சார் போவேன்? எனக்கு வீடுன்னு இருக்கறதே அந்த ரூம்தான்."

"அதைத் தண்ணியில இறங்கறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்."

ஒருத்தி வயிற்றில் அடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

பெட்டிகளை ஏற்றி முடித்து, அரை மணி நேரம் கழித்துக் கார் கிளம்பியது.

"ஆபீஸ்ல உங்களுக்கு என்னங்க வேலை?" என்றாள் மனைவி.

"சுத்தம் சரியில்லை. நாலு வார்த்தை சொல்லிட்டு வந்தேன்."

"பரவாயில்லையே! போன வருஷம் போனை நோண்டிக்கிட்டே இவளைக் கடைத்தெருவுல தொலைச்ச மனுஷனா நீங்க? இன்னிக்கு நான் மசாஜுக்குப் போன ஒரு மணி நேரமும் ஒழுங்காப் பார்த்துக்கிட்டீங்க."

"கண்ணை எடுக்கவே இல்லை."

அந்த நிம்மதியில் அவள் அப்படியே கண்ணயர்ந்தாள்.

மூன்றாவது வளைவில் பஸ் நிறுத்தம். ஈர யூனிஃபார்மின் மேல் ஒரு கம்பளியைப் போர்த்திக்கொண்டு, துணிப்பையை நெஞ்சோடு அணைத்தபடி நடுங்கிக்கொண்டிருந்தாள் அந்தப் பெண். குடும்பத் தலைவர் காரின் வேகத்தைக் கூட்டினார்.

மகள் பின் கண்ணாடி வழியே கையை ஆட்டினாள். பிறகு முன் இருக்கைப் பக்கம் எட்டி, அம்மா விழித்துவிடாமல் அப்பாவின் காதில் கிசுகிசுத்தாள்:

"நான் அம்மாகிட்ட சொல்லவே இல்லைப்பா. தண்ணிக்குள்ள முங்கினப்போ என்னைத் தூக்கிட்டு வந்து உங்ககிட்ட குடுத்தாங்களே, அந்த ஆன்ட்டி அங்க நின்னாங்க. அவங்களுக்குத் தேங்க்ஸ் சொல்லத்தானே ஆபீசுக்குப் போறேன்னீங்க... சொல்லிட்டீங்களா?"